எங்கிருந்து எடுத்தீர்கள்? கேளுங்கள், தோழர்களே!

தோழர்களே!

இந்த நிமிஷம் நம்மில் யாரோ ஒருவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது. எச்.ஆர். இருக்கிறார். மேலாளர் இருக்கிறார். மேசையில் நாலைந்து தாள்கள். நேற்று ராத்திரி நம் தோழர் நண்பர்களிடம் கொட்டிய ஆற்றாமை, அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு, அங்கே கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு தாள். ராஜினாமாக் கடிதம். பெயரும் தேதியும் போட்டுத் தயார். கையெழுத்து மட்டும் பாக்கி.

“நீங்களா எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை இல்ல. ரிலீவிங் லெட்டர் தந்துடறோம். இல்லன்னா டெர்மினேஷன்தான். அப்புறம் வேற எங்கயும் வேலை கிடைக்காது, பாத்துக்குங்க.”

கையெழுத்துப் போடாதீர்கள்!

அந்தத் தாளைத் தொடாதீர்கள். பேனாவை வாங்காதீர்கள். அந்த அறையில் ஒன்றே ஒன்று கேளுங்கள். இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? யார் எடுத்தது? என்றைக்கு எடுத்தது? எந்த விதி உங்களுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது? எழுத்தில் கொடுங்கள். பதிலை நாங்களும் எழுத்தில் தருகிறோம்.

இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத் துணிச்சல் இல்லாமல்தான் வேலை போகிறது. அந்த ஒரு நிமிஷம் நாம் தலைகுனிந்திருப்பதால்தான் அடுத்த வாரம் பக்கத்து நாற்காலி காலியாகிறது.

மத்திய கைலாஷில் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் தோழரே! உஸ்மான் ரோட்டில் ஷட்டர் தூக்கும் தோழரே! லஸ் முனைப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு முடிக்கும் மாதமெல்லாம் நடுராத்திரி வரை உட்காரும் தோழரே! அடையாறில் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் தோழரே! உங்களைத்தான் அழைக்கிறோம். நம்மைத்தான் அழைக்கிறோம்.

அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம். மாயம் ஒன்றுமில்லை.

லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போதே அதற்குள் கம்பெனியின் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை ஏற்றிவைக்க முடியும். பிரவுசரில் பூட்டுச் சின்னம் தெரியும். பத்திரம் என்று நாம் நினைப்போம். ஆனால் கம்பெனியின் ப்ராக்ஸி நடுவழியில் அந்தப் பூட்டைத் திறந்து, படித்து, மறுபடி பூட்டி அனுப்ப அந்தச் சான்றிதழ் வழிவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தி வழியில் யாரும் படிக்க முடியாதபடிதான் போகிறது. அதே வாட்ஸ்அப்பை ஆபீஸ் லேப்டாப் திரையில் திறந்தால்? திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. விசைப்பலகையில் தட்டுவதைப் பதியும் மென்பொருளுக்கும் இல்லை. டீம்ஸ், ஸ்லாக் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே இரண்டு பேர் மட்டும் பேசினாலும் பேச்சு கம்பெனி கணக்கில் கிடக்கிறது. அட்மின் தேடினால் கிடைக்கும்.

சொந்த போனில் ஆபீஸ் மெயில் வேண்டுமா, இந்த ஆப்பைப் போடு என்பார்கள். அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்க்காமலே நாம் அழுத்திவிடுவோம்.

இவை இயந்திரங்கள். இவற்றைவிடக் கூர்மையான காது ஒன்று உண்டு. குரூப்பில் நம்மோடு இருந்துகொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புகிறவர். அவர்மேல் கோபம் வரும். வரட்டும். ஆனால் அவரும் அப்ரைசலுக்குப் பயந்து சாகிற நம்மவர்தான். நாம் எல்லோரும் நிமிர்ந்தால் அவரும் நிமிர்வார்.

பார்க்க முடியும். சரி. பார்த்ததையெல்லாம் வைத்துத் தண்டிக்க முடியுமா? முடியாது, தோழர்களே! அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அது குறுக்கே நிற்பது நமக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவர்கள் மஞ்சள் கோடு போடுகிறார்கள்.

2023. தமிழ்நாடு கிராம வங்கி. அலுவலக உதவியாளராக இருந்த ஒரு சங்கத் தோழர், ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் முடிவுகளை விமர்சித்து எழுதினார். காட்டமாகவே எழுதினார். நிர்வாகம் சார்ஜ் மெமோ கொடுத்தது. அவர் ராஜினாமா எழுதவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று காலைப் பிடித்து வீட்டுக்குப் போகவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்தச் சார்ஜ் மெமோவை ரத்து செய்தார்.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இரண்டு ஊழியர்கள் பேசிக்கொள்ளும் வம்பு நடத்தை விதிக்குள் வராது. அதே பேச்சு, உறுப்பினர் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு குழுவில் நடந்தால் மட்டும் எப்படி வரும்? ஊழியருக்குக் குமுறலைக் கொட்டும் உரிமை உண்டு. கொட்ட இடம் இருப்பது நிறுவனத்துக்கே நல்லது. தனி மனிதருக்கு அந்தரங்கம் இருப்பதுபோல ஒரு குழுவுக்கும் அந்தரங்கம் உண்டு. அது சட்டத்தை மீறாதவரை அதை மதிக்க வேண்டும். அந்தரங்கத்துக்குள் புகுந்து எடுத்த தகவலை வைத்து அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கக் கூடாது. நாளைக்கு எப்பேர்ப்பட்ட உளவுத் தொழில்நுட்பம் நிர்வாகத்தின் கைக்கு வந்தாலும், அப்படி எடுத்ததன்மேல் குற்றச்சாட்டைக் கட்ட முடியாது.

இந்த நீதிபதியின் வேறு தீர்ப்புகளோடு நம்மில் பலருக்குச் சண்டை உண்டு. இருக்கட்டும். அந்தச் சண்டையை வேறொரு நாள் போடுவோம். இந்தத் தீர்ப்பை மட்டும் கையைவிட்டு விடாதீர்கள். அச்செடுங்கள். மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். அவர்கள் மஞ்சள் கோடு போட்ட தாளை நீட்டும்போது நீங்கள் இதை நீட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நிறுவனத்தின் பெயர் வெளியே கெடும் நிலை வந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கம்பெனியின் ரகசியக் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பியவருக்கு இந்தக் கேடயம் கிடையாது. பெண் தோழர்களை இழிவுபடுத்தத் திறந்த குரூப்புக்கு இந்தக் கேடயம் கிடையவே கிடையாது. அப்படிப்பட்ட குரூப்பில் நீங்கள் இருந்தால் முதலில் அங்கே எதிர்த்துப் பேசுங்கள். பிறகு எங்களிடம் வாருங்கள்.

சென்னைக்கு வருவோம். 2025 ஜூலை 2. பாரிமுனையில், நம் உயர் நீதிமன்றத்தில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு. ஒரு ஊழல் வழக்கில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011-இல் போட்ட ஆணை ரத்து! பொது அவசர நிலையா? இல்லை. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தா? இல்லை. குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்ற பெயரில் ரகசியமாக ஒட்டுக்கேட்க 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இடம் தரவில்லை. ஒட்டுக்கேட்டதை உரிய நேரத்தில் ஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. ஆகவே அந்த உரையாடல்களைப் பயன்படுத்தக் கூடாது என்றது நீதிமன்றம்.

தோழர்களே, யோசியுங்கள். இந்திய அரசின் உள்துறைக்கே இந்தக் கேள்வி விழுகிறது. எந்தச் சட்டம், என்ன அவசரம், யார் சரிபார்த்தது என்று. ஓ.எம்.ஆர். கம்பெனியின் மூன்றாம் மாடி ஐ.டி. டீமை இதே கேள்வி கேட்கக் கூடாதா? தி.நகர் கடை முதலாளியின் மச்சானைக் கேட்கக் கூடாதா? யார் தடுத்தது? நம் பயத்தைத் தவிர யார் தடுத்தது?

நிர்வாகத்தின் வக்கீல் சும்மா இருக்க மாட்டார். சட்டவிரோதமாக எடுத்த சாட்சியமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது என்பார். கணவன் மனைவி வழக்கில் ரகசியமாகப் பதிந்த பேச்சை ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14-இல் கூடச் சொன்னது என்பார். உண்மை. அந்தத் தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒன்று குற்றவியல் நீதிமன்றத்தில் லஞ்ச வழக்கு. இன்னொன்று குடும்ப நீதிமன்றம். நம் முன்னால் இருப்பது மேலாளர் தானே போலீஸ், தானே சாட்சி, தானே நீதிபதி என்று உட்காரும் அறை. போராட்டம் முடியவில்லை. முடியாத போராட்டத்தில் நாம் பேசாமல் இருந்தால் அவர்கள் பேசியதே சட்டமாகும்!

அடுத்து என்ன சொல்வார்? உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பார். அதுவும் உண்மை. அதனால் தாளை வீசினால் போதுமா? போதாது. ரூப் சிங் நேகி வழக்கு, பஞ்சாப் நேஷனல் வங்கி. ஒரு பியூனுக்காக உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆவணத்தை மேசையில் வைப்பது நிரூபணம் ஆகாது, சாட்சி வந்து அதை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரைக் கூப்பிடுங்கள். எந்தக் கருவியில் எடுத்தார்? முன்னும் பின்னும் இருந்த பேச்சு எங்கே? பாதியை மட்டும் ஏன் வெட்டி எடுத்தார்? குறுக்கு விசாரணை செய்ய எனக்கு உரிமை உண்டு. என் சார்பில் ஒரு சக ஊழியரை அழைத்து வருவேன். நகல்களைக் கொடுங்கள். படித்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நான் செய்தது எந்த விதிப்படி குற்றம்? நிலையாணையில், அதாவது நிறுவனத்தின் பணி விதிகளில், குற்றம் என்று எழுதாத ஒன்றுக்குத் தண்டிக்க முடியாது என்று கிளாக்ஸோ வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. “கம்பெனி கலாச்சாரத்துக்கு ஒத்து வரல” என்பது ஒரு குற்றமே இல்லை. “நெகட்டிவ் ஆட்டிட்யூட்” ஒரு குற்றமே இல்லை. சம்பளம் பத்தவில்லை என்று நண்பரிடம் சொல்வது உலகத்தில் எங்கேயும் குற்றமில்லை!

“அதெல்லாம் அரசு வங்கிக்கு. நாங்க பிரைவேட்.” எத்தனை தோழர்கள் இப்படிச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள்! எழுந்திருங்கள்.

தனியார் நிறுவனத்தின்மேல் நேராக ரிட் போடுவது கடினம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை இன்னும் ஒரு படி போனது: பேச்சுரிமையும் உயிர்வாழும் உரிமையும் அரசுக்கு எதிராக மட்டும் இல்லை, தனியாருக்கு எதிராகவும் நிற்கும் என்றது. உங்கள் சொந்த மெயில் கணக்குக்குள் அனுமதி இல்லாமல் யாராவது நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு இருக்கிறது. மோசடி எண்ணத்தோடு நுழைந்தால் 66-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. லேப்டாப் அவர்களுடையது. உங்கள் ஜிமெயில் அவர்களுடையது இல்லை. சேமித்து வைத்த பாஸ்வேர்ட் அவர்களுக்குக் கொடுத்த சாவி இல்லை.

போனை நீட்டச் சொல்வார்கள். “லாக் எடுங்க, பாக்கணும்.” கொடுக்காதீர்கள்! உங்கள் போனைப் பறித்துத் துழாவ எந்த மேலாளருக்கும் சட்டம் அதிகாரம் தரவில்லை.

வழி எது? தொழிலாளர் துறை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். தி.நகரிலிருந்து நடந்தே போகலாம். மயிலாப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரம். பத்து வருஷம் தி.நகரில் வேலை பார்த்தவர்களுக்குக் கூட அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளுங்கள். கடை ஊழியரா, சின்ன ஆபீஸா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-ஆம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே தள்ள முடியாது. தள்ளினால் மேல்முறையீடு உண்டு. சஸ்பெண்ட் செய்துவிட்டார்களா? பட்டினி போட முடியாது. 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம். அடுத்த 90 நாள் முக்கால். அதற்கு மேல் விசாரணையை இழுத்தால் முழுச் சம்பளம். சலுகையாகக் கேட்க வேண்டாம். சட்டம் என்று கேளுங்கள்.

“நான் மேனேஜர் கிரேடு. எனக்கு லேபர் கோர்ட் கிடையாது.” யார் சொன்னது? எச்.ஆர். சொன்னார்! டி.சி.எஸ். 2015-இல் வெளியேற்றிய ஒரு ஊழியருக்கும் இதையே சொன்னார்கள். அவர் நம்பவில்லை. ஏழு ஆண்டு நின்றார். 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் தொழிலாளி என்றே ஏற்றது. மறுபடி வேலை, விட்டுப்போன சம்பளம் என்று உத்தரவிட்டது. விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. தினமும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஏழு ஆண்டு நீளம்தான். தெரியும். வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் மருந்து எல்லாம் ஏழு ஆண்டு காத்திருக்காது. அதனால்தான் தனியாக நிற்காதீர்கள் என்கிறோம். தனியாக நின்றால் ஏழு ஆண்டு. நாற்பது பேர் சேர்ந்து நின்றால் பல நேரம் அந்த நோட்டீஸே வாபஸ்.

இப்போது ஏன் அவசரம்? சொல்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நிலையாணை கட்டாயம் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக ஏறிவிட்டது. வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட மூன்றாண்டு இருந்த கெடு இரண்டாகச் சுருங்கிவிட்டது. “கொஞ்ச நாள் பாக்கலாம்” என்று சொல்லும் ஒவ்வொரு மாதமும் நம் கையிலிருந்து போகிறது. 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறைதீர் குழு வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஆபீஸில் இருக்கிறதா? நாளைக்கே கேளுங்கள். சட்டத்தில் நமக்குச் சாதகமான வரியை மட்டும் அவர்கள் மறந்துவிடுவார்கள்.

அதே நவம்பரில் இன்னொன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் வந்தன. சட்டம் 2023-லேயே வந்தது. முக்கியமான கடமைகளை நிறுவனங்கள் ஏற்க 18 மாதம் அவகாசம். அதாவது 2027 மே வரை. அதன் 7-ஆம் பிரிவைப் படியுங்கள், தோழர்களே! வேலை நிமித்தமும், நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காக்கவும், ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தொழில் உளவைத் தடுப்பது, வணிக ரகசியத்தைக் காப்பது என்று உதாரணம் வேறு. வணிக ரகசியத்துக்கும், கேன்டீன் சாம்பார் ஊசிப்போனது என்று நாம் எழுதியதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதை இனிமேல்தான் தீர்மானிக்கப் போகிறார்கள். நாம் கேள்வி கேட்டால் குறுகும். நாம் வாய் திறக்காவிட்டால் லாரி போகும் அளவுக்கு அகலும்.

இந்தப் பதினெட்டு மாதத்தில்தான் ஒவ்வொரு கம்பெனியும் தன் கண்காணிப்புக் கொள்கையைத் திருத்தி எழுதும். அறுபது பக்கம் இருக்கும். “ஐ அக்ரீ” பட்டன் கடைசியில் இருக்கும். நாம் அழுத்துவோம். அதை எழுதும்போது நம் ஆள் யாரும் அந்த மேசையில் இருக்க மாட்டார். இதற்குப் பெயர் சம்மதமா? வேலை வேண்டுமா வேண்டாமா என்று கழுத்தைப் பிடித்துக் கேட்பது சம்மதமா?

உலகம் என்ன சொல்கிறது? ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற தோழர். 2007-இல் வேலை போனது. ஆபீஸ் யாஹூ மெசஞ்சரில் சொந்தப் பேச்சுப் பேசினார் என்று 45 பக்கம் அச்செடுத்து நீட்டினார்கள். அண்ணன் தம்பியோடு, கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடு பேசியது கூட அதில் இருந்தது. சொந்த உபயோகம் கூடாது என்று கம்பெனி விதி தெளிவாகவே இருந்தது. உள்ளூர் நீதிமன்றங்களில் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2016-இல் மறுபடி தோற்றார். விடவில்லை! 2017 செப்டம்பர் 5. அதே நீதிமன்றத்தின் பேரமர்வு. 11க்கு 6. வென்றார். பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னீர்களா? போனது வந்தது மட்டுமா, உள்ளே எழுதியதையும் படித்தீர்களா? படிக்க என்ன காரணம்? இதைவிடக் குறைவாகத் தலையிட்டுக் காரியத்தை முடித்திருக்க முடியாதா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டது தவறு என்றது பேரமர்வு. வேலைக்குள் நுழைந்ததும் மனிதனின் சமூக வாழ்க்கையைக் கம்பெனி உத்தரவால் பூஜ்ஜியமாக்க முடியாது என்றது.

அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்விகளுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். அதே கேள்விகளை நாம் மயிலாப்பூரில் கேட்போம். அடையாறில் கேட்போம்.

தோழர்களே, அடையாறு என்றதும் ஒன்று. 1918 ஏப்ரல் 27. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதை முன்னின்று நடத்திய பி.பி.வாடியா, அடையாறு தியாசபிகல் சொசைட்டியிலிருந்து போனவர். திரு.வி.க. தோள் கொடுத்தார். ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் என்ன செய்தது? சங்கம் பேசியதே குற்றம் என்று நீதிமன்றம் போனது. நஷ்டஈடு கேட்டது. தடையாணை வாங்கியது. அன்றைக்குத் தொழிலாளி பேசுவதைக் காக்க ஒரு சட்டம் கூட இல்லை. ஒன்று கூட இல்லை! அப்போதும் பேசினார்கள். அந்த வழக்கு கிளப்பிய கொதிப்பிலிருந்துதான் 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நமக்கு இன்றைக்கு இத்தனை சட்டம் இருக்கிறது. இத்தனை தீர்ப்பு இருக்கிறது. நமக்கு என்ன பயம்?

ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கமே கிடையாது என்று எத்தனை காலம் சொன்னார்கள்! 2016-இல் தமிழ்நாடு அரசே எழுத்தில் சொன்னது, உண்டு என்று. கடை ஊழியர் நாள் முழுக்க நிற்கத்தான் வேண்டும் என்றார்கள். 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. ரங்கநாதன் தெருவுக்கும் நாற்காலி உரிமை வந்தது. எத்தனை கடையில் அந்த நாற்காலி உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறது என்பது வேறு கதை. கேட்கிற ஆள் இருக்கும் கடையில் இருக்கிறது.

இப்போது வேலையைப் பேசுவோம்.

சங்கப் பேச்சை ஆபீஸ் லேப்டாப்பில் பேசாதீர்கள். ஆபீஸ் வைஃபையில் பேசாதீர்கள். சொந்த போன், சொந்த டேட்டா. இது பயந்து ஒளிவது ஆகாது. அவர்களுக்கு இலவசமாக ஆயுதம் கொடுக்காமல் இருப்பது. நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். அழித்ததையே புதுக் குற்றமாக எழுதுவார்கள். கம்பெனிக் கோப்பு எதையும் தூக்கி வராதீர்கள். உங்கள் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, வந்த நோட்டீஸ், இவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். அறைக்குள் நடந்ததை அன்றைக்கே நேரம் போட்டு எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அழாதீர்கள். இன்று இரவே எழுதுங்கள். “என்னை மிரட்டி வாங்கிய ராஜினாமா இது. நான் விரும்பிக் கொடுக்கவில்லை. திரும்பப் பெறுகிறேன்.” சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். பதிவுத் தபாலும் அனுப்புங்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வருவதற்குமுன் உங்கள் கடிதம் போய்ச்சேர வேண்டும்.

மற்றவர்களே! நோட்டீஸ் வராதவர்களே! உங்களிடம்தான் கடைசியாகப் பேசுகிறோம். கேன்டீனில் அந்தத் தோழரின் மேசையைத் தவிர்த்துத் தள்ளி உட்கார்ந்தீர்களே, பார்த்தோம். குரூப்பிலிருந்து நைசாக வெளியேறினீர்களே, பார்த்தோம். உங்களைக் குற்றம் சொல்ல நேரம் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் பெயரும் இருக்கிறது. அவர் எழுதியதற்குக் கீழே கட்டைவிரல் உயர்த்தியது நீங்கள்தான். அடுத்த மஞ்சள் கோடு உங்கள் பெயர்மேல்.

திரும்பி வாருங்கள். குரூப்புக்குத் திரும்பி வாருங்கள். அந்த மேசைக்குத் திரும்பி வாருங்கள்.

நோட்டீஸ் வந்த தோழருக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பதில் எழுத உட்காருங்கள். நாளைக் காலை அவரை அந்த அறைக்குக் கூப்பிடும்போது நீங்களும் எழுந்திருங்கள். இன்னும் பத்துப் பேர் எழுந்திருங்கள். கதவு வரை கூடவே போங்கள். அவர் வெளியே வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.